சேமநிதிப் பணத்தில் ஒரு கேமரா

அறுபது வயதில் வேலையை விட்டு வருகிறவருக்கு வீட்டில் ஒரு பட்டியல் தயாராகக் காத்திருக்கும். கூரை ஒழுகுகிறது. மகனின் காடிக்கு முன்பணம் கட்ட வேண்டும். ஊருக்குப் போய்க் குலதெய்வம் கும்பிட்டுப் பல வருடமாகிறது. கடைசிப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சேமநிதிப் பணம் கைக்கு வருவதற்கு முன்பே பாகம் பிரித்து முடிந்திருக்கும். அந்தப் பட்டியலின் அடியில், யாரிடமும் கேட்காமல், அப்பா தானாக ஒரு வரி சேர்த்தால் என்ன ஆகும்? அதுவும் அந்த வரி ‘கேமரா’ என்று இருந்தால்?

“எல்லாம்தான் போன்லயே எடுக்கலாமே, எதுக்குப்பா இது?” என்பார் மகன். “இந்த வயசுல இது ஒண்ணுதான் குறைச்சல்” என்பார் அம்மா, பாத்திரம் கழுவிக்கொண்டே. ஜொகூரின் குளுவாங்கிலும் கூலாயிலும் மாசாயிலும் எனக்குத் தெரிந்த வீடுகளில் இந்த வாக்குவாதம் நடந்திருக்கிறது. பெரும்பாலும் அப்பாதான் ஜெயிக்கிறார். பணம் அவருடையதாயிற்றே.

மலேசியாவில் தனியார் துறை ஊழியர்களின் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று ஆனது 2013 ஜூலை 1 முதல். ஜொகூரில் இந்த ஓய்வுக்கு ஒரு தனி முகம் உண்டு. இங்குள்ள ஏராளமானோர் வேலை பார்த்தது சிங்கப்பூரில். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, மோட்டாரை எடுத்துக்கொண்டு, 1924 முதல் இரு கரையையும் இணைத்து நிற்கும் பாலத்தில் வரிசை பிடித்து நின்றவர்கள். வேலை நின்றுவிடும்; உடம்பு நிற்காது. ஓய்வு பெற்ற மறுநாளும் நாலு மணிக்குக் கண் விழித்துவிடும். தொலைக்காட்சியில் ஒன்றும் இல்லை, மனைவி தூங்குகிறார், நாசி லெமாக் கடைகூடத் திறக்கவில்லை. விழித்திருப்பது இவரும் பறவைகளும்தான். பறவைப் படம் எடுப்பதற்கு வேண்டிய முதல் தகுதி இவரிடம் முப்பது வருட அனுபவத்தோடு இருக்கிறது.

இந்தத் தலைமுறைக்குக் கேமரா மேல் உள்ள ஆசை புதியதும் இல்லை. தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைக்குச் சின்ன வயதுப் படம் ஒன்றோ இரண்டோ இருந்தால் அதிகம். பள்ளியில் வகுப்போடு நின்று எடுத்தது ஒன்று. அடையாளக் கார்டுக்காகப் பட்டணத்து ஸ்டூடியோவில், காதுவரை எண்ணெய் வழிய, இரவல் சட்டையில் எடுத்தது இன்னொன்று. கேமரா என்பது அடுத்தவர் கையில் இருந்த பொருள். யாஷிகா எலக்ட்ரோ 35 வந்தது 1966இல். பென்டாக்ஸ் கே1000, கேனான் ஏஇ-1 இரண்டும் 1976இல். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அவற்றைப் பார்த்த இளைஞனுக்குக் கேமராவின் விலையைவிடப் பிலிமின் விலைதான் பயம் காட்டியது. 36 படம் எடுத்தால் 36 படத்துக்கும் கழுவு கூலி, அச்சுக் கூலி. இன்று ஒரு காலைப் பொழுதில் ஆயிரம் படம் எடுத்துத் தொள்ளாயிரத்தை அழித்தாலும் காசு செலவில்லை. நாற்பது வருடம் பூட்டி வைத்த ஆசைக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது.

இது வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லும் பிள்ளைகளுக்குக் காட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் பார்க் என்ற உளவியலாளரின் குழு நடத்தியது, 2014இல் வெளிவந்தது. 60 முதல் 90 வயது வரையிலான 221 பேர் அதில் கடைசிவரை இருந்தார்கள். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம், மூன்று மாதம். சிலருக்கு டிஜிட்டல் கேமராவும் கணினியில் படத்தைத் திருத்தும் மென்பொருளும் கற்றுக்கொடுத்தார்கள். சிலருக்குத் துணிகளை ஒட்டுத் தைக்கும் கலை. இன்னும் சிலர் புதிதாக எதையும் கற்காமல், கூடிப் பேசி, விளையாடி, ஊர் சுற்றிப் பொழுதைக் கழித்தார்கள். முடிவில் நினைவாற்றல் நன்றாகக் கூடியிருந்தது புதிதாகக் கற்றவர்களுக்கு, குறிப்பாகக் கேமரா பிடித்தவர்களுக்கு. கூடிப் பேசினால் மட்டும் போதவில்லை. மூளைக்குக் கொஞ்சம் சிரமம் கொடுக்க வேண்டியிருந்தது. தடிமனான கேமரா கையேட்டைப் புரட்டி ‘இது எதுக்கு, அது எதுக்கு’ என்று புலம்பும் அப்பாவைத் தடுக்க வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். அவரே இதைப் படித்துவிட்டு, இன்னொரு கேமரா வாங்கினால் இன்னும் மூளை வளரும் என்று வாதம் செய்தால், அதற்கு டெனிஸ் பார்க் பொறுப்பல்ல.

ஜப்பானின் குமாமோட்டோ ஊரில் கிமிக்கோ நிஷிமோட்டோ என்று ஒரு பாட்டி இருந்தார். 72 வயதுவரை கேமராவைத் தொட்டவரில்லை. மூத்த மகன் நடத்திய புகைப்பட வகுப்பில் போய் உட்கார்ந்தார். பிறகு கணினியையும் கற்றார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை தன்னையே எடுத்த படங்கள்: குப்பைப் பைக்குள் சுருட்டிக் கட்டப்பட்ட மாதிரி, துணிக்கொடியில் துணியோடு துணியாகத் தொங்குகிற மாதிரி. 82 வயதில் முதல் கண்காட்சி. தொண்ணூறை ஒட்டிய வயதில் இன்ஸ்டாகிராம். உலகமெங்கும் லட்சக்கணக்கில் ரசிகர்கள். 2025இல், 97 வயதில் இறந்தார். நம் வீடுகளில் கேமரா வாங்குவது அப்பா. மூட்டையைத் தூக்குவதும் தே பிளாஸ்க்கைப் பிடிப்பதும் அம்மா. அந்தக் கேமராவை ஒரு மாதம் அம்மா கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

எதை வாங்குவது?

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. பறவைகள் கூடும் பாரிட் ஜாவா கடற்கரையில் ஒருவர் வைத்திருக்கும் பீரங்கி போன்ற லென்சைப் பார்த்ததும் அதுவே வேண்டும் என்று தோன்றிவிடும். 600 மில்லிமீட்டர், எஃப்4 லென்ஸ் மட்டுமே மூன்று கிலோவுக்கு மேல். விலை அரை லட்சம் வெள்ளியைத் தாண்டும். அதைத் தாங்க முக்காலி, அதைத் தூக்க முதுகுப்பை, பிறகு முதுகுக்கு மருத்துவர். வாங்கிய ஆறாவது மாதம் அது கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

அறுபதுக்கு மேல் கேமராவின் முதல் அளவு கிராம். 2021இல் வந்த கேனான் ஆர்எஃப் 100-400 லென்ஸ் 635 கிராம்தான். 2022இல் வந்த ஆர்7 கேமராவோடு சேர்த்தாலும் ஒன்றேகால் கிலோ. எட்டும் தூரமோ 640 மில்லிமீட்டருக்குச் சமம். மங்கிய வெளிச்சத்தில் அது திணறும் என்பது உண்மை. ஆனால் கையில் இருக்கும் லென்ஸ்தான் படம் எடுக்கும். லென்ஸ் மாற்றுகிற வேலையே வேண்டாம் என்பவருக்கு நிக்கோன் பி1000 இருக்கிறது. 2018இல் வந்தது, 1,415 கிராம், 3000 மில்லிமீட்டர் வரை இழுக்கும். நிலாவின் பள்ளங்கள் தெரியும். அதை வாங்கியவர்கள் எல்லோரும் முதல் வாரம் நிலாவைத்தான் எடுக்கிறார்கள். தெருவையும் திருவிழாவையும் மட்டும் எடுப்பவருக்கு இவ்வளவும் தேவையில்லை. ரிக்கோ ஜிஆர் 3 வெறும் 257 கிராம். சட்டைப் பையில் கிடக்கும்.

கை நடுக்கம் உள்ளவர்கள் தயங்க வேண்டாம். இப்போதைய பல கேமராக்களில் உள்ளிருக்கும் சென்சாரே நடுக்கத்துக்கு எதிர்த் திசையில் அசைந்து அதைச் சரிக்கட்டுகிறது. கண்ணைத் தேடிப் பிடித்துப் போகஸ் செய்வதும் கேமராவே, மனிதக் கண்ணானாலும் பறவைக் கண்ணானாலும். வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதைத் திருகினால் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். பலர் வருடக்கணக்கில் அதைத் தொடாமல், படம் மங்கலாகத் தெரிகிறது என்று கேமராவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். முட்டி மடக்க முடியாதவருக்குத் திரும்பும் திரை. தரையில் இருக்கும் காளானை நின்றபடியே எடுக்கலாம்.

கண்புரை இன்னொரு விஷயம். புரை வளர வளரக் கண்ணின் வில்லை பழுப்பேறும். அதன் வழியாகப் பார்த்துக் கணினியில் நிறம் திருத்தினால், மற்றவர்களுக்கு அந்தப் படம் நீலம் பூத்துத் தெரியலாம். ஓவியர் மோனேவுக்கு 1923இல், 82 வயதில், புரை எடுத்தார்கள். நிறங்களோடு அவர் பட்ட பாடு கலை உலகம் அறிந்தது. படத்தின் நிறம் சரியில்லை என்று பேரப்பிள்ளை சொன்னால், மென்பொருளை மாற்றுவதற்கு முன் கண்ணைக் காட்டிவிடுவது நல்லது.

எங்கே வாங்குவது? ஜொகூர்க்காரருக்குப் பாலம் தாண்டினால் சிங்கப்பூர். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராக் கடைகளைப் பார்த்தால் அரை நாள் போவதே தெரியாது. ஆனால் அங்கே 2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. சுற்றுப்பயணிகளுக்கு அந்த வரி திரும்பக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். விமானத்திலோ உல்லாசக் கப்பலிலோ வெளியேறுவோருக்குத்தான் அது. உட்லண்ட்ஸ் வழியாகப் பேருந்தில் வீடு திரும்புகிறவருக்கு இல்லை. உள்ளூர்க் கடையில் கேட்டால் இரண்டு விலை சொல்வார்கள். மலிவானது ‘ஏபி செட்’, அதாவது அதிகாரபூர்வ முகவர் வழியாக வராதது. பழுதானால் கடைக்காரர் தருவதே உத்தரவாதம். எதை வாங்கினாலும் ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

பழையதை வாங்கலாமா என்றால், தாராளமாக. பழைய பொருள் விற்கும் முடா இணையத் தளத்தில் நேற்றைய ஆசைகள் பாதி விலைக்குக் கிடக்கின்றன. ஒரே நிபந்தனை, முன்பணம் அனுப்பாமல் நேரில் பார்ப்பது. போகும்போது ஒரு டார்ச் லைட் கொண்டுபோங்கள். லென்சின் துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சி, முன்பக்கம் பார்க்க வேண்டும். உள்ளே வலை நூல் மாதிரி, கிளை விட்ட மாதிரி, மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது பூசணம். விற்பவர் “அது தூசி ஐயா” என்பார். தூசி கிளை விடாது. பேசாமல் கிளம்பிவிடலாம்.

பூசணம் இந்த மண்ணின் சாபம். ஜொகூரில் காற்றின் ஈரம் பெரும்பாலும் எண்பது விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கும். தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பதைவிட லென்சுக்குச் செய்யும் கெடுதல் வேறில்லை. மின்சாரத்தில் ஓடும் டிரை கேபினட் வாங்கி 40 முதல் 50 விழுக்காட்டில் வைக்கலாம். வசதியில்லையென்றால் பழைய பிஸ்கட் டப்பா போல இறுக மூடும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஈரம் காட்டும் சின்ன முள், ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறும் வகை ஜெல்லாக வாங்கினால், மாறியதும் ஓவனில் மிதமான சூட்டில் வைத்து ஈரம் போக்கி மறுபடி பயன்படுத்தலாம். சமையல் சட்டி வேண்டாம். அதனால் வரும் சண்டைக்கு இந்தக் கட்டுரை துணை நிற்காது.

புதிது புதிதாக வாங்கும் நோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழ்நாட்டுக் காடுகளில் யானைகளைக் கருப்பு வெள்ளையில் எடுத்தவர். அவர் கையில் இருந்தது எந்த நிறுவனத்தின் கேமரா என்று ஒரே பதிலாகச் சொல்ல முடியாது. உடல் ஒன்றினுடையது, லென்ஸ் வேறொன்றினுடையது, நடுவில் சொல்லிச் செய்வித்த சாமான்கள். அந்தக் கூட்டுப் பிண்டத்துக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். முதுமைவரை அவர் பெயர் நின்றது எடுத்த படங்களால். வருடத்துக்கொரு கேமரா மாற்றும் அண்ணன்மார் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுடைய கணினியில் அதிகமாக இருப்பது கேமராவை இன்னொரு கேமராவால் எடுத்த படங்கள்.

எங்கே போவது?

பாரிட் ஜாவா மூவார் பக்கத்து மீன்பிடி ஊர். அசாம் பெடாஸ் மீன் கறிக்குப் பெயர்போனது. நீர் வற்றியதும் சேற்றுமேட்டில், தலை வழுக்கையான பெரிய நாரைகள் ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தோரணையில் நடக்கும். ‘புருங் போத்தாக்’ என்று மீனவர்களைக் கேட்டாலே கையைக் காட்டுவார்கள். படகு தேவையில்லை, காட்டில் நடக்கத் தேவையில்லை. படகுத்துறையில் நாற்காலி போட்டு எடுக்கலாம். முட்டி வலிக்காரருக்கு இதைவிட நல்ல இடம் ஜொகூரில் இல்லை. வெளிச்சம் ஏறிய பிறகு சேற்றின் மேல் சூடு அலைபோல் எழும்பும். அப்போது எடுத்த படம் எந்த லென்சிலும் கூர்மையாக வராது. எட்டரை மணிக்குள் முடித்துவிட்டு மீன் கறிக்குப் போய்விட வேண்டும்.

கோத்தா திங்கியின் பந்தி காடு அதற்கு நேரெதிர். மரத்தடியில் பகலிலேயே இருட்டு, இருவாட்சியின் சிறகோசை கேட்கும், ஆள் தெரியாது. பொறுமைக்குப் பரீட்சை. தனியாகப் போகக் கூடாத இடம். மலேசிய இயற்கைச் சங்கத்தின் ஜொகூர் கிளை போன்றவர்களோடு போவது உத்தமம். தஞ்சோங் பியாய், ஆசியப் பெருநிலத்தின் தென்முனை. கண்டல் காட்டுக்கு நடுவே பலகைப் பாதை.

பறவை வேண்டாம், மனிதர் போதும் என்பவருக்கு ஜொகூர் பாருவின் பழைய நகரம். ஜாலான் டோபி, ஜாலான் டான் ஹியோக் நீ, ஜாலான் உங்கு புவான் மூன்றையும் மெதுவாகத் தே குடித்துக்கொண்டே அரை நாளில் சுற்றலாம். 1919 முதல் விறகடுப்பில் வாழைப்பழக் கேக் சுடும் ஹியாப் ஜூ கடையில் வரிசை நிற்கும். சீனப் புத்தாண்டு மாதத்தின் மூன்றாவது வாரத்தில் பழைய கோயிலிலிருந்து ஐந்து தெய்வங்களை ஐந்து குலத்தார் சுமந்து வரும் சிங்காய் ஊர்வலம். தைப்பூசத்தில் காவடிகள். ஜாலான் தெப்ராவ் அருகே ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில். 1922இல் சிறு குடிலாகத் தொடங்கி, 2009இல் சுவரும் தூணும் கூரையும் கண்ணாடிச் சில்லாக மாறியது. அங்கே கேமராவின் தானியங்கி கணக்குகள் எல்லாம் தோற்கும். எங்கு திரும்பினாலும் எடுப்பவரின் தொந்தியும் படத்தில் விழும். ஒரு சில்லை மட்டும் நெருங்கிப் பார்த்தால் அதில் விளக்கு ஒன்று, அம்மனின் புடவை ஒரு துளி, தலைகீழாக ஒரு குழந்தை. அப்படி எடுக்கக் கற்றவர்கள் முழுக் கோயிலையும் எடுக்கப் பிறகு ஆசைப்படுவதில்லை.

குளிர்சாதன அறையில் வைத்திருந்த கேமராவை விடியற்காலையில் வெளியே எடுத்ததும் லென்சில் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். பையின் ஜிப்பைத் திறக்காமல் வாசலில் அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பசியாறி வந்தால் தானே சரியாகும்.

இத்தனை படத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவின் மேல் ‘காலை வணக்கம்’ எழுதி வருகிறதே, அதற்குப் பதிலாகத் தன் வீட்டுச் செம்பருத்தியை எடுத்து அனுப்பும் பெரியவர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல முன்னேற்றம். ஆனால் ஜொகூர்த் தமிழர் கையில் இருக்கும் கேமராவுக்கு வேறு யாரும் செய்யாத வேலை ஒன்று காத்திருக்கிறது. அது என்ன என்பதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

1863இல், இங்கிலாந்தில், 48 வயது ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். தனிமையில் பொழுது போகட்டும் என்று. கல்கத்தாவில் பிறந்தவர், ஆறு பிள்ளை பெற்றவர். கோழிக் கொட்டகையைக் காலி செய்து ஸ்டூடியோ ஆக்கினார். ரசாயனம் பட்டு விரல்கள் கறுத்தன. போகஸ் சரியில்லை என்று அந்தக் காலத்து வல்லுநர்கள் பரிகாசம் செய்தார்கள். இன்று அவர்களை யாருக்கும் தெரியாது. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள். அந்தக் காலத்தில் மலையகத்துக் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து படகேறி, பிறகு நடந்தே வந்த நம் மக்கள். 1879இல் மலையகத்திலேயே இறந்தார். பொகவந்தலாவையில் கல்லறை இருக்கிறது. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை கொஞ்சம். இங்கிலாந்தில் எடுத்த கவிஞர் டென்னிசனுக்கும் அறிவியலாளர் டார்வினுக்கும் படத்தில் பெயர் இருக்கிறது. இலங்கையில் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’. அந்த முகங்களுக்குப் பெயர் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

ஜொகூரின் தோட்டங்களும் அந்தக் கதியில்தான் நிற்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 2006இல் இஸ்கண்டார் திட்டம் வந்த பிறகு தென் ஜொகூரில் தோட்டம் இருந்த இடமெல்லாம் தாமான், தொழிற்சாலை. கூலாய் செடெனாக் பக்கம் செம்பனை நின்ற நிலத்தில் இப்போது தரவு மையங்கள். லயம், பால் நிறுக்கும் கொட்டகை, முனியாண்டிச் சாமியின் வேல், பிள்ளைக்கூடம் எதையும் முறையாகப் படம் எடுத்து வைத்தவர் குறைவு. ஜொகூரில் பிறந்த எரிக் பெரிஸ், இலங்கையிலிருந்து வந்து ஜொகூர் அரண்மனை ஓவியரான ஓ. டான் பெரிஸின் மகன், நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் படப் பிரிவை நடத்தியவர், முதிய வயதிலும் கண்காட்சிகள் வைத்தவர். அப்படி வாழ்நாள் பூராவும் கேமராவோடு இருந்தவர்கள் ஒரு கை விரலுக்குள். மிச்சத்தை இந்த ஓய்வுபெற்ற கிராணிகளும் வாத்தியார்களும் வெல்டர்களும்தான் செய்ய வேண்டும். எந்த மரத்தடியில் பெரட்டு, அதாவது காலை ஆள் கணக்கு, எடுத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தோட்டம் தனியார் சொத்து என்பதால் முதலில் அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். பழைய தோட்டக்காரர் என்று தெரிந்தால் பல இடங்களில் விட்டுவிடுவார்கள்.

முன்னாள் தோட்ட மக்கள் ஒன்றுகூடும் விருந்து ஒன்றில் அப்படி ஒருவரைப் பார்த்தேன். முன்பு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. கழுத்தில் சின்னக் கேமரா, சட்டைப் பையில் பள்ளிக்கூட நோட்டு. வந்தவர்களைப் பழைய லயத்து வரிசைப்படியே நிற்க வைத்து எடுத்தார். எடுத்து முடித்ததும் யாரையும் நகர விடவில்லை. இடமிருந்து வலமாகப் பெயர், அப்பா பெயர், எத்தனையாவது லயம், என்ன வேலை என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுத ஆரம்பித்தார். படத்தின் பின்னால் எழுதுவதற்குப் பென்சில்தான். பேனா மை வருடக் கணக்கில் மறுபக்கம் ஊறிவிடும் என்றார். பிறகு நெகிழிப் பையில் கொண்டுவந்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை மேசையில் வைத்தார். அதிலிருந்த பெண்களின் பெயர் வேண்டுமாம். அவ்வளவுதான், மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

“அது அக்கா இல்லடா, தங்கச்சி! அக்காவுக்கு மூக்குத்தி வலப்பக்கம்.”

“யாரு சொன்னா? படத்தைத் திருப்பிக் கழுவியிருப்பான்!”

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு பெயரையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, அடுத்த முகத்துக்கு விரலை நகர்த்தினார்.